கேமராவைக் கொஞ்சம் திருப்புங்க: சண்டையை டிவியில காட்டுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

டிவியில எது வரலாம் எது வரக்கூடாதுன்னு முடிவு பண்ற எல்லாருக்கும் வணக்கம். ஸ்போர்ட்ஸ் சேனல் நடத்துறவங்க, ஒளிபரப்பு விதிமுறை எழுதுற வாரியக்காரங்க, கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து "ரெண்டாவது கேமரா, இப்ப கட் பண்ணு"ன்னு சொல்ற டைரக்டருங்க, எல்லாருக்கும் சேர்த்துதான் இது.

முதல்லயே சொல்லிடறேன், நான் சண்டை பிடிக்காத ஆள் கிடையாது. பாக்ஸிங், எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை) ரெண்டும் வருஷக்கணக்கா பார்க்குறவன், காசு கட்டிப் பார்க்குறவன். தரையில ஒருத்தன் கையைப் பின்னி லாக் போடுறப்போ அடுத்த நொடி என்ன நடக்கும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அதனால "காட்டுமிராண்டித்தனம், தடை பண்ணு"ன்னு கொடி பிடிக்கிற மடல்னு நினைச்சு மூடிடாதீங்க. என் புகார் வேற.

போன மாசம் ஒரு மத்தியானம் ஃபுட்பால் மேட்ச் ஓடிட்டு இருந்துச்சு, பக்கத்துல என் பொண்ணு, எட்டு வயசு, கலர் பென்சிலோட ஏதோ வரைஞ்சிட்டு இருந்தா. ஹாஃப் டைம்ல ஒரு ப்ரோமோ. வர்ற சனிக்கிழமை ஃபைட் நைட்டாம், அதுக்காக பழைய நாக்கவுட்டுகளை அடுக்கி அடுக்கி போட்டாங்க, பின்னாடி டமடமன்னு மியூசிக். அதுல ஒருத்தர் தாடையில அடி வாங்கி மல்லாக்க விழறாரு. விழுந்தவரோட வலது கை கீழ வரல. முழங்கை மடங்கி, விரல் விறைச்சு, அந்தரத்துல அப்படியே நிக்குது. அதை ஸ்லோ மோஷன்ல ஒரு தடவ, பக்கவாட்டுல இருந்து ஒரு தடவ, மேல இருந்து ஒரு தடவ. ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. பொண்ணு பென்சிலைக் கீழ வச்சிட்டு கேட்டா, "அப்பா, அந்த அங்கிள் கை ஏன் கீழயே இறங்கல?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா, "சும்மா ஆக்டிங்மா"ன்னு சொன்னேன். பச்சைப் பொய். நம்பிட்டா.

அந்தக் கை ஏன் இறங்கலன்னா, அடி மூளைத்தண்டு வரைக்கும் போய் ஆட்டியிருக்கு. டாக்டருங்க இதுக்கு ஃபென்சிங் ரெஸ்பான்ஸ்னு பேர் வச்சிருக்காங்க, வாள் சண்டைக்கு நிக்கிறவன் கையை நீட்டி மடக்குற மாதிரி இருக்கிறதால. அந்த ஆள் வேணும்னு தூக்கி வச்சிருக்கல, அவருக்கு அந்த நேரத்துல தனக்கு கைன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. அதாவது நீங்க மத்தியானம் ரெண்டு மணிக்கு, மூணு ஆங்கிள்ல, மியூசிக் போட்டு, ஒரு மனுஷனுக்கு மூளைக்காயம் ஆகுற அந்த நிமிஷத்தை என் வீட்டு ஹால்ல ஓட்டியிருக்கீங்க. உங்க கணக்குல அது "க்ளீன்" ஷாட். ரத்தம் இல்லையே!

இதுதான் என் மொத்த புகாரும். உங்க தராசு ரத்தத்தை மட்டும்தான் நிறுக்குது. புருவத்துல வெட்டு விழுந்து முகம் பூரா சிவந்தா உடனே லாங் ஷாட்டுக்கு ஓடுறீங்க, ப்ரோமோவுல அந்த ஷாட்டை கருப்பு வெள்ளை ஆக்குறீங்க. ஆனா தலையில நெத்தியில எல்லாம் சின்ன வெட்டுக்கே ரத்தம் கொட்டும், தையல் போட்டா ஆறிடும். பார்க்க கோரமா இருக்கிறது பெரும்பாலும் தோலோட போயிடுது. உள்ள போற அடி வெளிய ஒண்ணும் காட்டாது. நீங்க மறைக்கிறது ஆறுற காயத்தை, ரிப்பீட் போடுறது ஆறாத காயத்தை.

இது இன்னைக்கு ஆரம்பிச்ச கதையும் இல்ல. 1962 மார்ச் 24, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல எமில் கிரிஃபித்துக்கும் பென்னி பாரெட்டுக்கும் பட்டத்துக்கான பாக்ஸிங், ஏபிசி டிவியில லைவ். பன்னெண்டாவது ரவுண்டுல பாரெட் மூலையில கயித்துல மாட்டிக்கிட்டு நிக்கிறாரு, தலை தொங்கிடுச்சு, அடி மேல அடி விழுது, ரெஃப்ரி உள்ள வர லேட் ஆயிடுச்சு. பத்து நாள் கோமாவுல கிடந்து செத்துப் போனாரு. இதுல இன்னொரு விஷயம், அன்னைக்கு ராத்திரியே அந்த கடைசி நிமிஷங்களை ஸ்லோ மோஷன்ல திருப்பிப் போட்டாங்க, அப்போ அது புது டெக்னாலஜி. ஸ்போர்ட்ஸ்ல ஸ்லோ மோஷன் ரீப்ளே பிறந்த காலத்துலயே அது என்ன பண்ணும்னு காட்டிடுச்சு. ரெண்டு வருஷத்துல, 1964ல, ஏபிசி அந்த வாராந்திர பாக்ஸிங் நிகழ்ச்சியையே நிறுத்திட்டாங்க.

அப்புறம் 1982 நவம்பர் 13. லாஸ் வேகாஸ்ல ரே மான்சினியும் கொரியாக்காரர் கிம் டக்-கூவும் மோதுனது, சிபிஎஸ் டிவியில சனிக்கிழமை மத்தியானம் லைவ். பதினாலாவது ரவுண்டுல கிம் விழுந்தாரு, சில நாள்ல இறந்துட்டாரு. அதுக்கப்புறம்தான் டபிள்யூபிசிங்கிற பாக்ஸிங் அமைப்பு பதினஞ்சு ரவுண்டை பன்னெண்டாக் குறைச்சுது, மத்த அமைப்புங்களும் பின்னாடி வந்தாங்க. கவனிங்க, மாத்துனது விளையாட்டோட விதியை. கேமராவோட விதியை யாரும் தொடல.

அந்த சிபிஎஸ்ஸை மட்டும் ஒரு நிமிஷம் பிடிச்சுக்குவோம், ஏன்னா உங்க தராசு எப்படி வேலை செய்யுதுன்னு அது ஒண்ணே போதும் சொல்ல. 2004 சூப்பர் பௌல், அதாவது அமெரிக்கன் ஃபுட்பால் ஃபைனல், அதோட இடைவேளையில பாடகி ஜேனட் ஜாக்சன் உடை விலகி ஒரு செகண்டுக்கும் குறைவா மார்பு தெரிஞ்சுது, ஞாபகம் இருக்கா? அமெரிக்காவுல ஒளிபரப்பைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்சிசி 5,50,000 டாலர் ஃபைன் போட்டாங்க, கேஸ் கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கா இழுத்து கடைசியில ஃபைன் செல்லாதுன்னு ஆச்சு. நாலே வருஷம் கழிச்சு, 2008 மே 31, அதே சிபிஎஸ் ப்ரைம் டைம்ல முதல் தடவையா எம்எம்ஏ காட்டுனாங்க. கிம்போ ஸ்லைஸும் ஜேம்ஸ் தாம்ஸனும். தாம்ஸனோட காது ஏற்கனவே வீங்கி உருண்டையா இருந்துச்சு, மல்யுத்தம் பண்றவங்களுக்கு வர்ற காலிஃப்ளவர் காது, அது அடியில பொத்துன்னு வெடிச்சு லைவ்ல கொட்டுச்சு. அந்தக் காதுக்கு எல்லாம் எந்த அபராதமும் கிடையாது, இருக்கவும் முடியாது, ஏன்னா எஃப்சிசியோட ஆபாச விதி காலை 6 மணியில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் ஆபாசத்தைத்தான் தடுக்குது, வன்முறை அதோட லிஸ்ட்லயே இல்ல. 2007ல எஃப்சிசியே நாடாளுமன்றத்துக்கு ஒரு ரிப்போர்ட் குடுத்துச்சு, வன்முறையையும் கட்டுப்படுத்த சட்டம் போடலாம்னு. அது அப்படியே தூங்கிடுச்சு.

இப்போ 2025 ஆகஸ்ட்ல சிபிஎஸ்ஸோட தாய் கம்பெனியான பாரமவுன்ட், எம்எம்ஏ நடத்துற யுஎஃப்சியோட ஒளிபரப்பு உரிமையை ஏழு வருஷத்துக்கு 770 கோடி டாலருக்கு எடுத்திருக்கு, 2026ல இருந்து, சில நிகழ்ச்சிங்க சிபிஎஸ்லயும் வரும்னு அறிவிச்சாங்க. தனியா காசு கட்டி வாங்கிப் பார்க்கிற முறை போயி, வீட்ல எல்லாரும் வச்சிருக்கிற சந்தாவுக்குள்ள, பொது சேனலுக்குள்ள சண்டை வந்தாச்சு. ரசிகனா எனக்கு லாபம்தான், பொய் சொல்லல. ஆனா அந்த கதவு திறந்தப்போ அதுக்கு ஏத்த மாதிரி விதி ஏதாவது மாறுச்சா?

நியாயமா பேசணும்னா எம்எம்ஏ நிறைய மாறியிருக்கு. 1993 நவம்பர் 12 டென்வர்ல முதல் யுஎஃப்சி நடந்தப்போ எடைப் பிரிவு இல்ல, க்ளவுஸ் கட்டாயம் இல்ல, கடிக்காத, கண்ணைக் குத்தாதன்னு அவ்ளோதான் விதி. முதல் ஃபைட்லயே தரையில உக்காந்திருந்த சுமோ வீரர் முகத்துல உதை விழுந்து பல் பறந்துச்சு. செனட்டர் ஜான் மெக்கெய்ன் "மனுஷங்களை வச்சு நடத்துற சேவச்சண்டை"ன்னு சொல்லி 1996ல ஐம்பது மாநில கவர்னருக்கும் லெட்டர் போட்டாரு (அவரே நேவல் அகாடமியில பாக்ஸிங் பண்ணவர்தான், அது தனி வேடிக்கை). முப்பத்தாறு மாநிலத்துல தடை வந்துச்சு, கேபிள்காரங்க கழட்டி விட்டாங்க. அந்த நெருக்கடியிலதான் 2000, 2001 வாக்குல நியூ ஜெர்ஸியில ஒழுங்கான விதி உருவாச்சு, எடைப் பிரிவு, ரவுண்டு, டாக்டர், ரெஃப்ரி கையில அதிகாரம் எல்லாம். 2001ல 20 லட்சம் டாலருக்கு கைமாறுன கம்பெனி 2016ல சுமார் 400 கோடிக்கு வித்துச்சு. வெளிய தள்ளுனதாலதான் அந்த விளையாட்டு திருந்துச்சுன்னு கூட சொல்லலாம். உள்ள கூப்பிட்ட அப்புறம் டிவி எப்படித் திருந்துச்சுன்னு கேட்டா பதில் இல்ல.

இன்னொண்ணும் ஒத்துக்கணும். பார்க்க எம்எம்ஏ மோசமா இருந்தாலும், கௌரவமான பழைய பாக்ஸிங்ல தலைக்கு விழற அடி அதிகம். பெரிய க்ளவுஸ் அடிக்கிறவன் கையைத்தான் காப்பாத்துது, எதிராளி மண்டையை இல்ல. கை வலிக்கலன்னா இன்னும் நூறு குத்து குத்தலாம். விழுந்தவன் பத்து எண்ணுறதுக்குள்ள எழுந்துட்டா மறுபடி அடி வாங்க விடுறது பாக்ஸிங்; விழுந்தவன் தற்காத்துக்கலன்னா உடனே நிறுத்துறது எம்எம்ஏ. ஜெர்மனியில 2010ல பவேரியா ஒளிபரப்பு ஆணையம் யுஎஃப்சியை டிவியில இருந்து தூக்குனாங்க, கீழ கிடக்கிறவனை அடிக்கிறதுதான் அவங்களுக்குப் பெரிய உறுத்தல். 2014ல கோர்ட் அந்த உத்தரவை ரத்து பண்ணிடுச்சு. அந்த நாலு வருஷமும் பாக்ஸிங் அங்க ஜம்முனு ஓடிட்டுதான் இருந்துச்சு. பிரான்ஸ்லயும் ரொம்ப காலம் எம்எம்ஏ போட்டியே நடத்த முடியாது, 2020ல தான் அனுமதி. யாருமே எந்த விளையாட்டு உண்மையில மூளையை கெடுக்குதுன்னு பார்த்து முடிவு பண்ணல, எது கண்ணை உறுத்துதோ அதைப் பார்த்துதான் பண்ணாங்க. பழகிப்போனா உறுத்தாது, உறுத்தலன்னா விதி தளர்ந்துடும்.

பழகிப்போறதுக்கு எல்லை எங்கன்னு பார்க்கணும்னா கன்னத்துல அறையுற போட்டியைப் பாருங்க. ரெண்டு பேர் எதிரெதிரா நிப்பாங்க, ஒருத்தர் கையைப் பின்னாடி வச்சுக்கிட்டு கன்னத்தைக் காட்டணும், இன்னொருத்தர் முழு பலத்தோட அறைவார். தலையை விலக்கினா ஃபவுல், தோளைத் தூக்கி மறைச்சா ஃபவுல். எந்த சண்டை விளையாட்டா இருந்தாலும் முதல் பாடம் அடி படாம பார்த்துக்கோங்கிறதுதான், இதுல அதுவே குற்றம்! 2021ல போலந்துல இந்த மாதிரி போட்டியில அடி வாங்கின அர்தூர் வால்சாக் ஒரு மாசம் போல ஆஸ்பத்திரியில இருந்து இறந்துட்டாரு. அடுத்த வருஷமே, 2022 அக்டோபர்ல, அமெரிக்காவுல சண்டை விளையாட்டை மேற்பார்வை பண்ற நெவாடா மாநில கமிஷன் இதுக்கு அனுமதி குடுத்துச்சு. 2023 ஜனவரியில டிபிஎஸ் சேனல்ல பவர் ஸ்லாப்னு ஓடுச்சு. அதுல விழறவங்க கை விறைச்சு நிக்கிற கிளிப்புகள்தான் ஊரெல்லாம் சுத்துச்சு. ஒரு சீசனோட டிபிஎஸ் விட்டுட்டாங்க, அது இன்டர்நெட்டுக்குப் போயிடுச்சு. நான் இத்தனை வருஷ சண்டை ரசிகன், சொல்றேன், அது விளையாட்டு இல்ல.

இப்போ உங்களுக்கு கேமராவைத் திருப்பவே தெரியாதுன்னா நான் ஏன் இவ்ளோ எழுதப் போறேன். தெரியும், நல்லாவே தெரியும். மைதானத்துக்குள்ள எவனாவது ஓடி வந்தா உடனே வேற பக்கம் கட் பண்றீங்க, காட்டினா நாளைக்கு இன்னும் பத்து பேர் ஓடுவான்னு. 2021 யூரோ ஃபுட்பால் போட்டியில டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்ஸன் சுருண்டு விழுந்தப்போ கூட ஆடுற பசங்க சுத்தி வட்டமா நின்னு மறைச்சாங்க, அப்படியும் காட்டிட்டாங்கன்னு ஜனங்க கொதிச்சதுல பிபிசி மன்னிப்பு கேட்டுச்சு. 2023 ஜனவரி 2, அமெரிக்கன் ஃபுட்பால்ல டமார் ஹாம்லின் நெஞ்சுல அடி பட்டு இதயம் நின்னு விழுந்தாரு. கொஞ்ச நேரத்துல ரீப்ளே போடுறதை விட்டாங்க, மேட்சே நின்னு போச்சு. பிழைச்சுட்டாரு, மறுபடி விளையாடவும் வந்துட்டாரு. இது நடந்து சரியா பதினாறாவது நாள் அந்த அறை நிகழ்ச்சி ஆரம்பம். ஒரே மாசம். ஒரு ஆட்டத்துல நினைவிழந்து கிடக்கிறவன் முகத்தைக் காட்டுறது அநாகரிகம், இன்னொண்ணுல அதுதான் ஹைலைட்ஸ்.

"நீங்க ஏன் பார்க்குறீங்க, சேனலை மாத்துங்க"ன்னு பதில் வரும், தெரியும். நான் சண்டை சேனல் பார்க்கல சார், ஃபுட்பால் பார்த்துட்டு இருந்தேன். சண்டைதான் என்னைத் தேடி வந்துச்சு.

"பேரன்டல் கன்ட்ரோல் போடுங்க"ன்னும் சொல்வீங்க. போட்டேன். அமெரிக்காவுல 2000ல இருந்து 13 இன்ச்சோ அதுக்கு மேலயோ இருக்கிற ஒவ்வொரு புது டிவியிலயும் வி-சிப்னு ஒண்ணு கட்டாயம், நிகழ்ச்சிக்கு என்ன ரேட்டிங்கோ அதை வச்சு தடுக்கும். ஆனா ரேட்டிங் குடுக்கிற முறையில இருந்து செய்திக்கும் ஸ்போர்ட்ஸுக்கும் விளம்பரத்துக்கும் விலக்கு. ரேட்டிங் இல்லாததை சிப்பு எப்படித் தடுக்கும்? இதுல சிரிப்பு வர்ற விஷயம், டபிள்யூடபிள்யூஇ மாதிரி முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு நடிக்கிற குஸ்திக்கு ரேட்டிங் உண்டு, ஏன்னா அது பொழுதுபோக்கு. நிஜமா ஒருத்தன் மூளை கலங்குற சண்டைக்கு அவசியம் இல்ல, ஏன்னா அது ஸ்போர்ட்ஸ். பிரிட்டன்ல ராத்திரி 9 மணி எல்லைன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, நல்லதுதான். ஆனா எங்க இருந்தாலும் கிளிப்பை வெட்டி ப்ரோமோ ஆக்கிட்டா அதுக்கு கடிகாரம் தெரியுமான்னு எனக்கு சந்தேகம்தான்.

நான் கேட்கிறது தடை இல்ல. நினைவிழந்து விழுந்தவர் கண்ணைத் திறந்து உக்கார்ற வரைக்கும் அவரை க்ளோஸப்ல காட்டாதீங்க, அந்த அடியை ரீப்ளே போடாதீங்க. அரை நிமிஷமோ மூணு நிமிஷமோ, அதுவரைக்கும் ஜெயிச்சவர் மூஞ்சி இருக்கு, கோச் இருக்காரு, கூட்டம் இருக்கு. ரிங் பக்கத்து டாக்டர் ஓகே சொன்னப்புறம் நுணுக்கம் விளக்க ரீப்ளே வேணுமா, போடுங்க, அடி எப்படி வந்துச்சுன்னு காட்டுங்க, விழுந்து விறைச்சதை விட்டுடுங்க. அடி வரைக்கும்தான் ஆட்டம், அதுக்கப்புறம் நடக்கிறது ஒரு நோயாளிக்கு நடக்கிறது. ப்ரோமோவுல நாக்கவுட்டே வேணாம், இத்தனை அழகான தற்காப்பு, எறி, லாக் எல்லாம் வச்சுக்கிட்டு எப்பப் பாரு கவுந்து விழறதையே விக்கிறீங்க. சண்டை விளையாட்டுக்கு ஸ்போர்ட்ஸ்னு சொல்லி குடுத்திருக்கிற அந்த ரேட்டிங் விலக்கை எடுங்க.

இன்னொண்ணு, இதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்ல. ஒவ்வொரு ஃபைட் நைட்டுக்கும் அப்புறம் கமிஷன்காரங்க மெடிக்கல் சஸ்பென்ஷன் லிஸ்ட் போடுவாங்க, இவர் இத்தனை நாள் சண்டை போடக்கூடாது, இவர் ஸ்கேன் எடுத்து டாக்டர் சரின்னு சொன்னாதான் வரலாம்னு. அது ஏதோ ஒரு மூலையில செய்தியா கிடக்கும். யாருக்கு போனஸ் கிடைச்சுதுன்னு மட்டும் பெரிய எழுத்துல ஸ்க்ரீன்ல போடுறீங்க இல்ல, அடுத்த வாரம் நிகழ்ச்சி ஆரம்பிக்கிறப்போ இந்த லிஸ்டையும் பத்து செகண்ட் போடுங்க. ரத்தத்தை மறைக்கிறதுக்கு பதிலா இதைக் காட்டுனீங்கன்னா, பார்க்கிறவனுக்கு தான் எதைப் பார்த்துட்டு இருக்கோம்னு தெரியும். எனக்கே தெரிஞ்சிருக்கும், பதினஞ்சு வருஷம் முன்னாடியே.

ரெண்டு நாள் கழிச்சு என் பொண்ணும் பக்கத்து வீட்டுப் பையனும் ஹால்ல விளையாடிட்டு இருந்தாங்க. அவன் சும்மா காத்துல குத்துற மாதிரி கை வீசினான், இவ சோஃபாவுல பொத்துன்னு விழுந்தா. விழுந்து, முழங்கையை மடக்கி, விரலை விறைப்பா வச்சுக்கிட்டு அப்படியே கிடந்தா. "கையை இறக்குடி"ன்னேன். கண்ணைத் திறக்காமலே சொன்னா, "நாக்கவுட்னா இப்படித்தான்பா, நீதான ஆக்டிங்னு சொன்ன."

அன்னைக்கு ராத்திரி உக்காந்துதான் இந்த மடலை எழுத ஆரம்பிச்சேன். அவகிட்ட உண்மையை இன்னும் சொல்லல, எப்படி சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருக்கேன். சனிக்கிழமை ஃபைட் நைட்டை நான் பார்ப்பேன், அவ தூங்கினதுக்கு அப்புறம்.

இப்படிக்கு,
மாசா மாசம் உங்களுக்கு சந்தா கட்டுற ஒரு ரசிகன்